மருதாணி இல்லை

கதிரையில் வந்து குந்துகிற எல்லாரும்
என் நகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள்:
"மருதாணியா அக்கா?"
ஓம் என்றுவிடுவேன்.
பெரிக் குளோரைட் என்றால்
முகத்தைக் கொடுக்க யோசிப்பார்கள்.

உவர்மலையில் பார்லர்.
பகலில் புருவம், முகம், மணப்பெண் அலங்காரம்.
எட்டு மணிக்குச் சட்டரை இறக்கினால்
அதே மேசையில் பித்தளை.

தகடு கால் மில்லிமீற்றர்கூட இல்லை.
சவர்க்காரம் போட்டு, தண்ணீர் முத்துக் கட்டாமல்
படர்ந்து வழியும்வரை தேய்ப்பேன்.
பிறகு விரல் படக்கூடாது.
ஒரு கைரேகை போதும்,
அந்த இடத்தில் மட்டும் பிலிம்
ஒட்டமாட்டேன் என்று நிற்கும்.

அடையாள அட்டைக்கு உறை போடுகிற மெஷினில்
தகட்டையும் பிலிமையும் சேர்த்து இழுத்துத் தருகிறவர்
மத்திய வீதிப் போட்டோகொப்பிக் கடை பாஹிம்.
"என்ன இது, கள்ளக் காசா?"
"கப்பல் கம்பி."
சிரித்தார். காசு வாங்கவில்லை.

கப்பல் என்றும் சொல்லமுடியாது.
மூதூருக்குப் போய்வந்த லோஞ்ச், நூறில் ஒரு பங்கு.
அலங்காரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு
எத்தனை கல்யாணத்துக்குப் போயிருப்பேன் அதில்.
ஒருநாள் அலை அடித்து ரோஸ் பவுடர் கொட்டி
நாலு ஆம்பிளைகள் சிவந்த சேட்டோடு இறங்கினார்கள்.
வீட்டில் என்ன சொன்னார்களோ.

பலகை உடம்பு முடிந்தது.
கைபிடிக் கம்பியும் ஏணியும் மிச்சம்.
நூல் கட்டிப் பார்த்தேன், தொய்ந்தது.
ஈர்க்கு வைத்தேன், வேலி மாதிரி இருந்தது.

ஏணிக்கு எத்தனை படி?
ஐந்து என்றார் பாஹிம்.
அவர் மனைவி ரிஸ்மியா மூதூர்க்காரி. நாலு என்றா,
கைப்பிள்ளையோடு ஏறியவளுக்குத் தெரியாதா என்றா.
இயந்திரம் பார்த்த செபமாலை
ஆறு என்று சத்தியம் பண்ணினார்.
என்னிடம் உள்ள ஒரே படத்தில் மூன்று தெரிகிறது.
அடுத்தது தண்ணீருக்குள்.

ஆறு கீறினேன்.

வெளிச்சத்துக்கு, நகப் பூச்சு இறுக்குகிற லாம்பு.
இருபது நொடியில் எல்லாம் கழுவிப் போனது.
அறுபதில் கம்பிகளுக்கிடையே சளி கட்டியது.
முப்பத்தைந்து.
கலண்டர்த் தாளின் பின்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

சோடாத் தண்ணீரில் அலசும்போது
வெளிச்சம் பட்டது நிற்கிறது,
படாதது நீலமாய்க் கரைந்து போகிறது.
பிறகு ஐஸ்கிறீம் பெட்டி, உள்ளே கடுந்தேயிலை நிறம்,
அடியில் சுடுதண்ணீர்த் தாச்சி,
மீன்தொட்டி மோட்டரிலிருந்து குமிழி.
யன்னல் திறந்திருக்கவேண்டும்.
மான் வந்து மூக்கை நீட்டினால் துரத்தவேண்டும்.

அது நேரே கீழே மட்டும் தின்னாது.
மூடிய இடத்துக்கு அடியிலும்
பக்கவாட்டில் புகுந்து தின்னும்.
வேண்டியதைவிடத் தடிப்பாய்க் கீறவேண்டும் என்பது
இரண்டு தகடு போனபிறகுதான் விளங்கியது.
கம்பி கேட்டேன், மயிர் கிடைத்தது.
மற்றதில் அதுவும் இல்லை.

மூன்றாவது தகடு இறங்கி ஐந்து நிமிடம்,
கரண்ட் போனது.
மோட்டர் நின்றது. குமிழி நின்றது.
ரோச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
பெட்டியின் இரண்டு காதையும் பிடித்து
ஆட்டத் தொடங்கினேன்.
இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.
கையுறை கிழிந்திருந்ததைக் கவனிக்கவில்லை.
எவ்வளவு நேரமோ.
உடம்புக்கு அந்த ஆட்டம் தெரிந்திருந்தது,
துறை விட்டதும் கால் தானாக அகலுமே, அப்படி.

தூக்கிப் பார்த்தேன்.
கம்பிகளுக்கிடையால் ரோச் வெளிச்சம்
சுவரில் விழுந்தது, கோடு கோடாய்.
ஏணியில் கடைசிப் படி ஒரு பக்கம் அரைந்து
தொங்கிக்கொண்டிருந்தது.
இருக்கட்டும்.
அந்த மூன்றையும் ரெசின் கடல் மூடும்.
எண்ணுகிறவர்கள் எண்ணட்டும்.

பழசாகிப் பச்சையேறிய கரைசலைப்
போத்தலில் ஊற்றி, மண்டையோடு கீறி ஒட்டினேன்.
காணுக்குள் விட்டால் கடலுக்குத்தானே போகும்.

காலையில் நிலாவெளிப் பெண்ணொன்று, நாளைக்குக் கல்யாணம்.
என் விரலைப் பார்த்தாள்.
"நல்லாச் சிவந்திருக்கு அக்கா."
"ஓம். கையை உள்ளே வை, அசைக்காதே" என்று
லாம்பைப் போட்டேன்.
வாய் தன்பாட்டில் எண்ணிக்கொண்டு போய்
முப்பத்தைந்தில் நின்றது.
இல்லை, இவளுக்கு அறுபது.